திண்ணைக்கு ஏது பூட்டு?

(பட்டிமன்றத் தலைப்பு: ‘மனம்விட்டுப் பேச உதவுவது அந்தக் கால அரட்டை அறையா? இந்தக் காலக் கைப்பேசிக் குழுவா?’ பெரம்பலூர் மேடையில் ‘அரட்டை அறையே!’ என்ற அணியில் பேசியது.)



எதிரணி அண்ணன் என்ன சொல்லிவிட்டுப் போனார்? “ஐ.ஆர்.சி.ங்கிறது 1988ல வந்த சமாச்சாரம். படம் கிடையாது, பாட்டு கிடையாது, வெறும் எழுத்து. அதைத் தூக்கிக்கொண்டு போய் வாரணவாசி மியூசியத்தில் கல்லாப்போன சிப்பிக்குப் பக்கத்தில் வையுங்கள்” என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். (சிரிப்பு)

அண்ணே, எந்த ஊரில் வந்து எதைக் கேலி பண்ணுறீங்க? இங்கே பக்கத்திலே சாத்தனூரில் ஒரு மரம் படுத்திருக்கிறது. 18 மீட்டர் நீளம். ஏறக்குறைய 12 கோடி வருஷத்துப் பழசு. மரமாய் இருந்தது கல்லாய் ஆகிப்போச்சு. 1940ல எம்.எஸ்.கிருஷ்ணன் என்ற புவியியல் அறிஞர் அதை உலகத்துக்குச் சொன்னார். இந்தப் பெரம்பலூர், அரியலூர் பூமியெல்லாம் ஒரு காலத்தில் கடல். அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக் கல்லைத் தோண்டித்தான் அரியலூரிலே சிமெண்டு ஆலைகள் ஓடுகின்றன. உங்கள் வீட்டு மாடி எதன் மேலே நிற்கிறது? பழசு மேலே நிற்கிறது! (கைதட்டல்)

அதே கதைதான் இங்கேயும். நீங்கள் எல்லாரும் ஹேஷ்டேக் போடுகிறீர்களே, அந்த # குறி, அது எங்கே இருந்து வந்தது? ஐ.ஆர்.சி.யிலே ஒவ்வொரு அரட்டை அறைக்கும் பெயருக்கு முன்னால் அந்தக் குறி உண்டு. 2007ல கிறிஸ் மெசினா என்பவர் அதைப் பார்த்துத்தான் ட்விட்டருக்கு யோசனை சொன்னார். பேரன் போட்டிருக்கிற சட்டை தாத்தாவுடையது. ஆனால் பேரன், “தாத்தா, உனக்கு டிரஸ் சென்ஸே இல்லை”ங்கிறான்! (சிரிப்பு)

சரி. தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. ஐ.ஆர்.சி. என்றால் என்னமோ ஏதோ என்று மிரள வேண்டாம். இன்டர்நெட் ரிலே சாட். பின்லாந்து நாட்டிலே ஔலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஓய்க்கரினென் என்ற இளைஞர் 1988 ஆகஸ்டில் எழுதியது. நம்ம ஊர்த் திண்ணை இருக்கிறது பாருங்கள், அதேதான். வருகிறவர் வருவார், உட்காருவார், பேசுவார். ஒரு பட்டப்பெயர் சொன்னால் போதும். “ஆதார் எங்கே, போன் நம்பர் எங்கே, அப்பா பேர் என்ன?” என்று திண்ணை கேட்காது. அறையிலே ஒழுங்கு பார்க்க ஒருவர் இருப்பார். அவர் பெயருக்கு முன்னால் @ என்று ஒரு குறி. யாராவது வம்பு பண்ணினால் வெளியே தள்ளிவிடுவார். நடுவர் ஐயா, இந்த மேடையிலே அந்தக் குறி உங்களுக்குத்தான் இருக்கிறது. என்மேலே பிரயோகம் பண்ணிவிடாதீர்கள்! (சிரிப்பு)

நடுவர்: இன்னும் பண்ணலைம்மா. பேசுங்க, பார்ப்போம்.

நன்றி ஐயா. நான் பிறந்தது அரியலூர்ப் பக்கம். வாக்கப்பட்டது பெரம்பலூர்ப் பக்கம். 1998ல எனக்குக் கல்யாணம். அப்போது இரண்டும் ஒரே மாவட்டம். 2001ல அரியலூரைத் தனி மாவட்டம் ஆக்கினார்கள். எனக்குப் பிறந்த வீடு ஒரு மாவட்டம், புகுந்த வீடு ஒரு மாவட்டம் ஆகிப்போச்சு. 2002ல “வேணாம், ஒண்ணா இருங்க” என்று சேர்த்துவிட்டார்கள். 2007ல மறுபடியும் பிரித்துவிட்டார்கள். வீட்டுக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டு நான் அம்மா வீட்டுக்குப் போய் வந்ததுகூட இத்தனை தடவை கிடையாது! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

சிரிக்கிறீர்கள். ஆனால் ஐ.ஆர்.சி.யிலே இதுக்கு ஒரு பேரே இருக்கிறது. நெட்ஸ்பிளிட். அது ஒரே ஒரு பெரிய கம்ப்யூட்டரில் நடப்பது இல்லை. பல ஊர்களில் பல சர்வர்கள், ஒன்றோடு ஒன்று கை கோர்த்துக்கொண்டு நிற்கும். நடுவில் ஒரு கண்ணி அறுந்துவிட்டால் என்ன ஆகும்? இந்தப் பக்கத்து ஆட்கள் இந்தப் பக்கம் பேசிக்கொண்டே இருப்பார்கள். அந்தப் பக்கத்து ஆட்கள் அந்தப் பக்கம் பேசிக்கொண்டே இருப்பார்கள். கண்ணி மறுபடி சேர்ந்ததும், எல்லாரும் பழையபடி ஒரே அறைக்குள் வந்து நிற்பார்கள். எங்க பெரம்பலூர், அரியலூர் மாதிரி. கலெக்டர் ஆபீஸ் இரண்டாச்சு. சம்பந்தம் அறுந்து போச்சா? இன்றைக்கும் பெரம்பலூர் டவுனுக்கு ரயில் கிடையாது. ரயில் ஏறணும்னா நாங்கள் அரியலூருக்குத்தான் போகிறோம். அவர்கள் சென்னைக்குப் பைபாஸ் பஸ் பிடிக்க இங்கேதான் வருகிறார்கள். (கைதட்டல்)

இப்போது எதிரணியின் பக்கம் பார்ப்போம். 2021 அக்டோபர் 4ஆம் தேதி. வாட்ஸ்அப், பேஸ்புக், இன்ஸ்டாகிராம் மூன்றும் சேர்ந்து ஏறக்குறைய ஆறு மணி நேரம் படுத்துவிட்டன. உலகம் முழுக்க! ஏன்? மூன்றும் ஒரே கம்பெனி. ஒரே வீட்டு மீட்டர். அங்கே பியூஸ் போனால் தெருவே இருட்டு.

இன்னும் ஒன்று கேளுங்கள். யாகூ மெசஞ்சர் எங்கே? 2018 ஜூலையில் மூடிவிட்டார்கள். ஐ.சி.க்யூ. எங்கே? 2024 ஜூனில் மூடிவிட்டார்கள். வெளிநாட்டுப் பிள்ளைகளோடு பேசினோமே, ஸ்கைப் எங்கே? 2025 மே மாதம் மூடிவிட்டார்கள். மூடும்போது உங்களைக் கேட்டார்களா? என்னைக் கேட்டார்களா? கடை அவர்களுடையது, ஷட்டர் அவர்களுடையது, இறக்கிவிட்டார்கள்.

ஐ.ஆர்.சி.யை மூட முடியுமா? அது கடை இல்லை ஐயா, பக்குவம். சாம்பார் மாதிரி. சாம்பாருக்கு யார் முதலாளி? இன்னின்ன பொருள், இன்னின்ன பதம் என்று அதன் செய்முறையை 1993 மே மாதமே எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதி வெளியிட்டுவிட்டார்கள். யார் வேண்டுமானாலும் சர்வர் வைக்கலாம். ஓட்டலை மூடினால் வீட்டில் வைத்துக்கொள்ளலாம்.

இதற்கு ஒரு பரீட்சையே வந்தது. ப்ரீநோட் என்று பெரிய ஐ.ஆர்.சி. வலை. உலகத்துக் கட்டற்ற மென்பொருள்காரர்கள் பாதிப் பேர் அங்கேதான் பேசிக்கொண்டிருந்தார்கள். 2021ல அதன் உரிமை யாருக்கு என்று தகராறு. அதை நடத்திக்கொண்டிருந்த தொண்டர்கள் மே 19ஆம் தேதி கும்பலாக வெளியே வந்து லிபரா சாட் என்று புது வலை தொடங்கிவிட்டார்கள். உபுண்டு போனது, விக்கிமீடியா போனது, இன்னும் எத்தனையோ கூட்டம் ஜமுக்காளத்தைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே போனது. அதே மென்பொருள், அதே பட்டப்பெயர், அதே பேச்சு. திண்ணைதான் மாறியது. உங்கள் கைப்பேசிக் குழுவை இப்படித் தூக்கிக்கொண்டு போய் வேறு கம்பெனியில் வைக்க முடியுமா அண்ணே? (கைதட்டல்)

“வெறும் எழுத்து, வெறும் எழுத்து” என்று இளக்காரமாகச் சொன்னீர்கள். 1991ல வளைகுடாப் போர். நம்ம ஜில்லாப் பிள்ளைகள் வளைகுடாவுக்குப் பிழைக்கப் போகிறவர்கள். அந்தக் கவலை என்ன என்று இங்கே இருக்கிற தாய்மார்களுக்குத் தெரியும். அந்தப் போர் நடந்தபோது அங்கிருந்து சேதி வந்த வழிகளில் இந்த வெறும் எழுத்தும் ஒன்று. அதே 1991 ஆகஸ்டில் சோவியத் நாட்டில் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி. செய்தியைக் கட்டிப்போட்டிருந்த நேரம். அப்போதும் இந்த அரட்டை அறை வழியாக ஜனங்கள் நடப்பைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எழுத்துக்கு எடை கம்மி. அறுந்த கம்பியிலும் ஏறிப் போகும்.

எவ்வளவு கம்மி தெரியுமா? ஒரு சேதி 512 பைட்டுக்கு மேலே போகக்கூடாது. ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட்டு. கணக்குப் போட்டால் ஒரு தடவைக்கு 150 குறி தேறும். “சுருக்கமா சொல்லு, அடுத்தவனுக்கு வழி விடு” என்று இயந்திரமே சொல்லிக்கொடுக்கிறது. இந்தப் பழக்கம் பட்டிமன்றப் பேச்சாளர்களுக்கு இருந்தால் நடுவருக்கு மணி வாங்குகிற செலவு மிச்சம்! (சிரிப்பு)

நடுவர்: உங்களையும் சேர்த்துத்தானேம்மா?

என்னையும் சேர்த்துத்தான் ஐயா. (சிரிப்பு)

அடுத்து, நீலக் கோடு. எங்கள் குடும்பத்துக்கு ஒரு குழு இருக்கிறது. 43 பேர். ஒருநாள் ராத்திரி என் நாத்தனார், “அண்ணி, பாப்பா காதுகுத்துக்குத் தேதி பார்க்கலாமா?” என்று அதில் போட்டார். நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பால் பொங்கிவிட்டது. அடுப்படிக்கு ஓடினேன், அப்படியே மறந்துவிட்டேன். காலையில் போன். “நீலக் கோடு விழுந்திருக்கு. பார்த்துட்டுப் பதில் போடல. எங்க வீட்டு விசேஷம்னா அவ்வளவு எளக்காரமா?” பால் பொங்கியது ஒரு நிமிஷம். நாத்தனார் பொங்கியது எட்டு மாசம்! (பலத்த சிரிப்பு) அந்தக் கால அரட்டை அறையில் நீலக் கோடு கிடையாது. பார்த்தாயா, பார்க்கவில்லையா என்று யாரும் கணக்கு வைப்பது இல்லை. ஆள் இருந்தால் பேச்சு. இல்லாவிட்டால், வேலையாகப் போயிருப்பார் என்று விட்டுவிடுவார்கள். இந்தச் சின்ன மரியாதை போனதில் எத்தனை வீட்டில் பேச்சு நின்றிருக்கிறது!

ஐயா, இதுவரைக்கும் சிரிக்கச் சிரிக்கப் பேசினேன். இப்போது சொல்லப்போவதைச் சிரித்துக்கொண்டு சொல்ல முடியாது.

எனக்கு ஒரே மகள். 2018ல காலேஜில் சேர்ந்தாள், கம்ப்யூட்டர் படிப்பு. சந்தேகம் கேட்கலாம் என்று ஒரு பயிற்சி வகுப்புக்காரர்கள் வைத்திருந்த கைப்பேசிக் குழுவில் சேர்ந்தாள். இருநூறு பேருக்கு மேலே. சேர்ந்த அன்றைக்கே அவள் நம்பர் அந்த இருநூறு பேர் கையிலும் இருந்தது. ஒரே ஒரு சந்தேகம் கேட்டாள். அடுத்த வாரம் ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு போன். எடுத்தால் பேச்சு இல்லை. அப்புறம் வேறு நம்பர். அப்புறம் பேச்சு வந்தது. அந்தப் பேச்சை நான் இந்த மேடையில் சொல்ல மாட்டேன்.

எங்கள் வீட்டுக்காரர் நல்லவர்தான். சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் போடுகிற சம்சாரி. ஆனால் அன்றைக்கு என்ன சொன்னார்? “போனை வாங்கி பீரோவுல வை. படிச்சது போதும். நல்ல இடமாப் பாரு.” தப்புச் செய்தவன் எங்கேயோ ஒரு ஊரில் நிம்மதியாகத் தூங்குகிறான். எங்கள் வீட்டில் பூட்டினது யாரை? சந்தேகம் கேட்ட பிள்ளையை! (அரங்கம் அமைதி)

படிப்பை நிறுத்த விடாமல் நான் சண்டை போட்டேன். ஆனால் பிள்ளை வாயை மூடிக்கொண்டாள். வகுப்பிலேகூடக் கேள்வி கேட்பதை விட்டுவிட்டாள். ஒரு டீச்சருக்கு இதைவிட வேறு தண்டனை வேண்டுமா ஐயா?

மேற்கு வங்காளத்தில் துர்காப்பூர் என்று ஒரு ஊர். அந்த ஊர் லினக்ஸ் பயனர் குழு 2008லிருந்து கோடைப் பயிற்சி நடத்திவந்தது. குஷல் தாஸ் என்பவர் தொடங்கிவைத்தது. இலவசம். நேரில் போக வேண்டாம். வகுப்பு முழுக்க ஐ.ஆர்.சி. அறையில் எழுத்திலேயே நடக்கும். 2019 கோடையில் என் மகள் அதைக் கண்டுபிடித்து என்னிடம் வந்து கேட்டாள். நான் முதலில் கேட்ட கேள்வி, “நம்பர் குடுக்கணுமாடி?” அவள் சொன்னாள், “வேணாம்மா. பேருகூட வேணாம். பட்டப்பேரு போதும்.”

என்ன பட்டப்பேர் வைத்தாள் தெரியுமா? கல்மரம். (கைதட்டல்)

அந்த வகுப்பில் ஒரு வழக்கம். சந்தேகம் இருந்தால் குறுக்கே பேசக்கூடாது. ஒரு ஆச்சரியக்குறி மட்டும் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். வரிசையில் முறை வரும்போது கூப்பிடுவார்கள். அப்போது கேட்கலாம். மூன்று நாள் என் மகள் சும்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். நாலாவது நாள் ஒரு ஆச்சரியக்குறி போட்டாள். கை நடுங்கியதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். முறை வந்தது. கேட்டாள். பதில் வந்தது. அவ்வளவுதான் ஐயா. நீ ஆணா பெண்ணா, எந்த ஊர், என்ன சாதி, இங்கிலீஷ் ஏன் இப்படி என்று யாரும் கேட்கவில்லை. ஒரே ஒருத்தர் மட்டும், “கல்மரம் என்றால் என்ன?” என்று கேட்டார். இவள் சாத்தனூரைப் பற்றி நாலு வரி எழுதினாள். எதிர்ப்பக்கம் ஆச்சரியப்பட்டுப் போச்சு. அன்றைக்கு ராத்திரி என் பிள்ளை இரண்டு தோசை கூடச் சாப்பிட்டாள். (கைதட்டல்)

ஒரு நாள் எங்கள் வீட்டுக்காரர் வயலில் இருந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். கறுப்புத் திரை, வரிவரியாக எழுத்து.

“இதுல யாரு ஆம்பள, யாரு பொம்பள?”

“தெரியாதுப்பா.”

“எந்த ஊருக்காரங்க?”

“தெரியாதுப்பா.”

“அப்புறம் என்னதான் தெரியும் உனக்கு?”

“யாருக்கு எந்த விஷயம் தெரியும்னு தெரியும்பா.”

அவர் ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய் பீரோச் சாவியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். (நீண்ட கைதட்டல்)

இப்போது எதிரணி அண்ணன் எழுந்து கேட்பார். “அந்தக் காலத்து பிரவுசிங் சென்டர் அரட்டையிலே வம்பே இல்லையா?” இருந்தது அண்ணே. உள்ளே வந்ததுமே வயசு என்ன, ஆணா பெண்ணா, ஊர் எது என்று துளைத்தவர்கள் இருந்தார்கள். நான் மறைக்கவில்லை. ஆனால் ஒரு வித்தியாசம். அங்கே வம்பு வந்தால் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விடலாம். வம்பு உங்கள் பின்னாலேயே வீட்டுத் தலையணை வரைக்கும் வராது. ஏனென்றால் உங்கள் நம்பர் அவன் கையில் இல்லை. கம்ப்யூட்டரின் இணைய முகவரி தெரிய வாய்ப்பு உண்டு. கேட்டால் அதை மறைத்துக் கொடுக்கிற வலைகளும் உண்டு.

“நாம் இல்லாத நேரத்தில் பேசியது நமக்கு வராதே” என்றீர்கள். வராது. திண்ணையில் நேற்றுப் பேசியது இன்றைக்கு வருமா? தேவையான பேச்சை எழுதிவைத்துக்கொள்ளலாம். அந்தக் கோடைப் பயிற்சியின் உரையாடல்கள் முழுவதையும் யாரும் படிக்கிற மாதிரி சேமித்து வெளியிட்டார்கள். மின்சாரம் போன நாளில் விட்டுப்போன பாடத்தை என் மகள் மறுநாள் அப்படித்தான் படித்தாள். தேவையில்லாத பேச்சோ காற்றோடு போச்சு. அது போகட்டுமே! காலையில் கண் விழித்ததும் முன்னூறு ‘இனிய காலை வணக்கம்’ ரோஜாப்பூவை அழிக்கிற வேலை மிச்சம். (சிரிப்பு)

“பேரன் முகத்தைப் பார்க்க முடியுமா?” என்றீர்கள். முடியாது. அது நியாயம். முகம் பார்க்க உங்கள் வழியில் வருகிறேன், எனக்கு வெட்கம் இல்லை. ஆனால் இன்றைய தலைப்பு முகம் பார்ப்பது இல்லை ஐயா. மனம்விட்டுப் பேசுவது. சில பேருக்கு முகத்தைக் காட்டாத இடத்தில்தான் மனசு திறக்கிறது. முக்கியமாக, ஊரும் உறவும் எந்நேரமும் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிற நம் பெண் பிள்ளைகளுக்கு.

(மணி ஒலி)

முடித்துக்கொள்கிறேன் ஐயா. 512 பைட்டு தாண்டிவிட்டது. (சிரிப்பு)

போனைத் தூக்கிப் போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. நான் கேட்பது ஒன்றே ஒன்று. பெரம்பலூரிலும் அரியலூரிலும் இத்தனை கல்லூரிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் பிள்ளைகள் சந்தேகம் கேட்க இப்படி ஒரு அறையைத் திறந்துவைக்கட்டும். பெரிய செலவு இல்லை, ஒரு சாதாரண கம்ப்யூட்டர் போதும். நம்பர் கேட்காத ஒரு அறை. ஆச்சரியக்குறி போட்டால் முறை வருகிற ஒரு அறை. ஒழுங்கு பார்க்க ஒரு ஆசிரியர்.

என் மகள் இன்றைக்குச் சென்னையில் வேலை பார்க்கிறாள். தெரியாத நம்பரில் இருந்து போன் வந்தால் இன்றைக்கும் எடுக்க மாட்டாள். அந்தப் பயம் இன்னும் போகவில்லை ஐயா. ஆனால் வேலை முடிந்து ராத்திரி ஒரு மணி நேரம் அந்தக் கறுப்புத் திரையைத் திறந்துவைத்துக்கொண்டு உட்காருகிறாள். எங்கேயோ ஒரு ஊரில் எந்தப் பிள்ளையோ கை நடுங்க ஒரு ஆச்சரியக்குறி போடுகிறது. கல்மரம் பதில் சொல்கிறது.

ஆகவே, மனம்விட்டுப் பேச உதவுவது அந்தக் கால அரட்டை அறையே, அரட்டை அறையே என்று நடுவர் அவர்கள் நல்ல தீர்ப்பு வழங்க வேண்டும் எனக் கேட்டு அமர்கிறேன்.

(பலத்த கைதட்டல்)